கிழங்கில் புதைத்த வைரம்

இயற்கைப் பொருள்களுள் கடினத்தில் வைரத்துக்கு நிகர் வேறில்லை என்பது பாலரும் அறிந்த செய்தி. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் வைரம் வாங்கியவர்கள் பெரிய கற்கள் சிலவற்றைப் பச்சை உருளைக்கிழங்குக்குள் புதைத்தே இங்கிலாந்துக்கு அனுப்பி வந்தார்கள் என்றால் நமக்குச் சிரிப்பு வரலாம். சிரிப்பதற்கில்லை. சுரங்கத்திலிருந்து வெளிவந்த சில கற்கள், எவரும் அடிக்காமலே, கைச்சூட்டிலும் சட்டைப் பையின் வெதுவெதுப்பிலும் வெடித்துச் சிதறியதுண்டு என்று, கிம்பர்லிக்கு நேரிற் சென்று வந்த ரசாயன சாஸ்திரி வில்லியம் க்ரூக்ஸ் 1909-இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார்.

வைரம் பெரும்பாலும் 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், மகத்தான அழுத்தத்தில் உருவாவது. அங்கே கார்னெட் போன்ற வேற்றுத் தாதுவின் துணுக்கொன்று படிகத்துக்குள் அகப்பட்டுக்கொண்டால், கல் மேலே வந்து புற அழுத்தம் தளருகையில் அத்துணுக்கு விரிய முற்படுகிறது. சூழ்ந்திருக்கும் வைரமோ அவ்வளவுக்கு இடங்கொடுப்பதில்லை. அந்த இழுபறி கல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கீறலுக்கு இணங்காத கடினம் வேறு, பிளவைத் தாங்கும் வலிமை வேறு. வைரத்திற்கோ இயல்பாகவே எளிதிற் பிளக்கும் திசைகள் நான்கு உண்டு.

இந்த உள்விகாரத்தைக் கண்ணாற் காண வழியும் இருந்தது. ஒரே தளத்தில் அதிரும்படி ஒளியை வடிக்கும் கருவிகள் இரண்டைக் குறுக்காக வைத்து இடையே நோக்கினால், குற்றமற்ற வைரம் இருண்டு தோன்றும். உள்ளே அழுத்தம் உறைந்த கல்லில் வர்ணங்கள் மின்னும். (1940-களில் பெங்களூரில் நம் சர் சி. வி. ராமனும் பல வைரங்களை இவ்வொளியில் சோதித்தார்.) 1905 ஜனவரியில் ட்ரான்ஸ்வாலின் பிரீமியர் சுரங்கத்தில் கிடைத்த, 3,106 காரட் எடையுள்ள கல்லினன் வைரத்தை க்ரூக்ஸ் இவ்வாறு ஆராய்ந்தபோது, உள்ளிருந்த கரும்புள்ளி ஒன்றின் அருகே அவ்வர்ணங்கள் தென்பட்டன.

ட்ரான்ஸ்வால் அரசாங்கம் 1,50,000 பவுனுக்கு வாங்கி ஏழாம் எட்வர்டு மன்னருக்குக் காணிக்கையாக்கிய அக்கல்லைப் பிளக்கும் பொறுப்பு ஆம்ஸ்டர்டாமின் ஜோசப் ஆஷரிடம் வந்தது. குறையுள்ள இடத்தின் வழியாகவே முதற் பிளவு செல்லவேண்டும் என்று தீர்மானித்து, வேறு வைரத்தால் நாட்கணக்கில் காடி அறுத்து, 1908 பிப்ரவரி 10-இல் அவர் அலகை வைத்துத் தட்டினார், முறிந்தது அலகு. மறுமுறை கல் பிளந்தது. உடனே அவர் மூர்ச்சையாகி விழுந்தார் என்பது பிற்காலத்தார் கட்டிய கதை என்றே எனக்குப் படுகிறது. வியக்கத்தக்கது அந்தத் தட்டன்று, எங்கே தட்டுவதென்ற தீர்மானமே. அக்கல்லிலிருந்து 9 பெரிய வைரங்களும் 96 சிறியனவும் கிடைத்தன. அவற்றுள் பெரியது, 530 காரட் கொண்டது, பிரிட்டிஷ் செங்கோலில் பதிக்கப்பட்டிருக்கிறது.