1200 எங்கிருந்து வந்தது?

போன வருஷம் ஒரு நண்பர் டயட் சார்ட் ஒன்றை அனுப்பினார். "மூணு மாசம் இதை ஃபாலோ பண்ணுங்க, பத்து கிலோ கேரண்டி"ன்னு சொன்னார். சார்ட்டோட தலையில கொட்டை எழுத்தில் 1200 கலோரி. அப்போ என் எடை 91 கிலோ, உயரம் 172 சென்டிமீட்டர். சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றுகொண்டிருந்தது. சரி, ஆரம்பிச்சிடலாம்னு ஆரம்பிச்சேன்.

மூணாவது வாரம் ஆபீஸ் மீட்டிங்ல ஒரு ஜூனியர் பையன்கிட்ட ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு எரிஞ்சு விழுந்தேன். அன்னைக்கு ராத்திரி 11 மணிக்கு, என் பையன் தட்டில் மிச்சம் வைத்திருந்த தோசையை நின்றபடியே தின்றேன். அப்புறம் மாவைத் தேடி ஃப்ரிட்ஜைத் திறந்தேன். மறுநாள் சார்ட் குப்பைக்குப் போனது.

ஆனா அந்த எண் மட்டும் உறுத்திக்கிட்டே இருந்தது. கோடுல யாராவது காரணம் எழுதாம ஒரு எண்ணைப் போட்டு வைத்திருந்தால், முதலில் யார் போட்டது, எப்போ போட்டதுன்னு பார்ப்போம். அதைத்தான் இங்கேயும் செய்தேன்.

கதை 1890களில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆரம்பிக்கிறது. வில்பர் அட்வாட்டர் அங்கே வேதியியல் பேராசிரியர். ஜெர்மனியில் கார்ல் ஃபாய்ட்டின் ஆய்வுக்கூடத்தில் பாடம் கற்றுத் திரும்பியவர். இயற்பியலாளர் எட்வர்ட் ரோசாவுடன் சேர்ந்து, ஓர் ஆள் நாள்கணக்கில் உள்ளேயே தங்கக்கூடிய பெட்டி ஒன்றைக் கட்டினார். நம்ம ஊர் ரயில் கூப்பேயை விடச் சின்னது. செம்பும் துத்தநாகமுமான சுவர்கள், அவற்றைச் சுற்றி மரச்சுவர், நடுவில் காற்று இடைவெளி. உள்ளே படுக்கை, நாற்காலி, மேஜை. சில சோதனைகளில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளும் உண்டு. உள்ளே ஓடும் குழாய்த் தண்ணீர் அந்த ஆளின் உடல்சூட்டை வெளியே கொண்டுவரும். அது எவ்வளவு சூடேறியது என்று அளப்பார்கள். வெளிவரும் காற்றில் கரியமில வாயுவை அளப்பார்கள். சாப்பாடு ஒரு சின்னத் திறப்பு வழியாக உள்ளே போகும், மலமும் சிறுநீரும் அதே மாதிரி வெளியே வரும். அவற்றையும் எரித்து அதில் எவ்வளவு ஆற்றல் மிச்சம் என்று கணக்கெடுத்தார்கள்.

கணக்கு டேலி ஆச்சு. உள்ளே போன ஆற்றலும் வெளியே வந்த ஆற்றலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் பொருந்தின. உடம்பும் ஒரு எஞ்சின்தான் என்று நிரூபித்தாயிற்று. (கலோரி என்ற சொல்லே 1820 வாக்கில் பாரிஸில் நிக்கோலா க்ளெமான் நீராவி எஞ்சின் பற்றிய வகுப்புகளில் பயன்படுத்தியதுதான்.) மாவுச்சத்து கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9 என்று இன்றைக்கும் பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் போடும் கணக்கு அட்வாட்டர் போட்டுக் கொடுத்தது. சாராயத்திலும் உடம்புக்கு ஆற்றல் கிடைக்கிறது என்று அவர் சொல்லப்போய், மதுவிலக்குக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

இதில் நான் எதிர்பார்க்காத விஷயம் ஒன்று உண்டு. அட்வாட்டருக்கு எடைக்குறைப்பில் அக்கறையே கிடையாது. அவர் கவலையெல்லாம் ஏழைத் தொழிலாளி குடும்பம் பற்றியது. கையில் இருக்கும் சில்லறைக்கு எதை வாங்கினால் அதிக சக்தி கிடைக்கும்? மாவு, பீன்ஸ், மலிவான இறைச்சி வாங்கு, பழம் காய்கறிக்குக் காசைக் கரைக்காதே என்பது அவர் கட்சி. தப்புதான், ஆனா அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் 1907இல் இறந்துவிட்டார், வைட்டமின் என்ற சொல் 1912இல்தான் வந்தது.

பட்டியலைத் தலைகீழாகத் திருப்பியவர் லாஸ் ஏஞ்சலஸ் டாக்டரம்மா லுலு ஹன்ட் பீட்டர்ஸ். 1918இல் வெளிவந்த அவருடைய சின்னப் புத்தகம் 1920களில் அமெரிக்காவின் அதிக விற்பனைப் பட்டியலில் வருஷக்கணக்காக இருந்தது. ஒரு காலத்தில் 100 கிலோ இருந்தவர், 30 கிலோவுக்கு மேல் குறைத்தவர். ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லாதீர்கள், 100 கலோரி ரொட்டி என்று சொல்லுங்கள் என்று வாசகர்களைப் பழக்கினார். எடை குறைய அவர் சொன்ன அளவு ஒரு நாளைக்கு 1200 கலோரி. அது முதல் உலகப்போர் காலம் என்பதால், உடம்பில் கொழுப்பைச் சேர்ப்பதும் உணவுப் பதுக்கல்தான் என்கிற தொனியில் கிண்டல் கலந்து எழுதினார். குண்டாக இருப்பது ஒழுக்கக் குறைவு என்ற எண்ணம் கலோரியோடு ஒட்டிக்கொண்டதில் அவருக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ஆக என் நண்பரோட சார்ட்டுக்கு வயசு நூறு.

இதோடு இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப்போர் முடியும் சமயத்தில், பட்டினியில் கிடக்கும் ஐரோப்பிய மக்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ள, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 1945இல் 24 வாரம் அவர்களுக்குக் கொடுத்தது நாளுக்கு 1600 கலோரிக்கும் கொஞ்சம் கீழே. அவர்களுக்கு எப்போதும் குளிர், சிடுசிடுப்பு, மனச்சோர்வு. சிலர் சமையல் புத்தகங்களை வரி விடாமல் படித்தார்கள். அவர்கள் ஒல்லியானவர்கள், வாரத்துக்கு 22 மைல் நடந்தவர்கள். தொப்பையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்னோடு ஒப்பிட முடியாதுதான். இருந்தாலும் அங்கே 1600ஐ அரைப்பட்டினி என்று பதிவு செய்தார்கள், இங்கே 1200க்கு டயட் என்று பெயர். அந்தத் தோசை விவகாரத்துக்காக என்னை நானே திட்டிக்கொள்வதை அன்றைக்கு நிறுத்தினேன்.

அடுத்த சந்தேகம்: நம்ம அரிசிக்கும் முருங்கைக்கீரைக்கும் யார் அளந்தது? பதில் நீலகிரியில் இருக்கிறது. 1918இல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் ஆராய்ச்சி ஆரம்பித்தார். அது தீட்டிய அரிசியை நம்பி வாழ்ந்தவர்களின் நோய், அதாவது கலோரி போதுமான அளவு இருந்தும் வரக்கூடிய நோய். அட்வாட்டர் கணக்கு எங்கே கைவிட்டதோ அங்கேயிருந்து குன்னூர் தொடங்குகிறது. அவர் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு வட்டாரச் சாப்பாட்டைப் போட்டு வளர்த்தபோது சீக்கியர் சாப்பாடு முதலிடம், மதராஸி சாப்பாடு கடைசி. எங்க அம்மாகிட்ட இதைச் சொன்னேன், "எலிக்குத் தெரியுமா ரசத்தோட ருசி"ன்னுட்டாங்க.

அந்த ஆய்வுக்கூடத்துக்கு 1935இல் இயக்குநராக வந்தவர் வாலஸ் அய்க்ராய்ட். 1937இல் ஹெல்த் புல்லட்டின் 23 என்ற பெயரில், இந்திய உணவுகளின் சத்துப் பட்டியல் சின்னப் புத்தகமாக வந்தது. அதன் நோக்கமும் குறைப்பதல்ல, குறைந்த செலவில் போதுமான சாப்பாடு திட்டமிடுவது. இதே அய்க்ராய்ட்தான் பின்னாளில் வங்கப் பஞ்சத்தை விசாரித்த கமிஷனில் உறுப்பினர். ஆய்வுக்கூடம் 1950களின் கடைசியில் ஹைதராபாத் போய், 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. 1971இல் கோபாலன் குழுவினர் பட்டியலைப் புதுப்பித்தார்கள். பச்சரிசி 100 கிராமுக்கு 345 கலோரி என்பது அதிலிருந்து வருவது. 2017 பட்டியலில் 528 உணவுகள், ஆனால் ஆற்றல் கிலோஜூலில். 4.184ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் படிச்சு முடிச்சு மறுபடி ஆரம்பித்தேன், இந்த முறை வேறு மாதிரி. முதல் ஏழு நாள் எதையும் குறைக்கவில்லை, எழுத மட்டும் செய்தேன். சராசரி 2300 வந்தது. அதிலிருந்து 400ஐக் கழித்து 1900. சோற்றை வெந்த பிறகு நிறுத்தால் தண்ணீரையும் சேர்த்து நிறுக்கிறோம், ஆப்பில் பச்சரிசிக் கணக்கைப் போட்டால் மூணு மடங்கு தப்பாகும். அதனால் அரிசியை உலையில் போடும் முன்பே அளப்பது. எங்க வீட்டு ஆழாக்கு ஒன்று தராசில் 140 கிராம், அதாவது 480 கலோரி சொச்சம். அதை எத்தனை பேர் பகிர்ந்தோமோ அத்தனையால் வகுத்தால் போதும். உண்மையான திருடன் எண்ணெய். கிராமுக்கு 9. தாளிக்கும்போது கரண்டியைத் தராசில் வைத்ததைப் பார்த்து, "எண்ணெயை நிறுத்து ஊத்துற வீடு விளங்குமா"ன்னு அம்மா கேட்டாங்க. முதல் வாரம் விளங்கவில்லைதான். (சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.)

ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி என்று ஒரு கணக்கு புழங்குகிறது. மாக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற நியூயார்க் மருத்துவர் 1958இல் ஒரு பவுண்டுக்கு 3500 என்று எழுதியது அதன் மூலம். அதன்படி தினம் 400 வீதம் ஐந்து மாதத்தில் எனக்கு 7.8 கிலோ குறைந்திருக்க வேண்டும். குறைந்தது 5. எடை இறங்க இறங்க உடம்பின் செலவும் இறங்குகிறது, அந்த நேர்க்கோட்டுக் கணக்கு அதைப் பார்ப்பதில்லை. மீதி வித்தியாசம் அனேகமாக நான் எழுதாமல் விட்ட முறுக்குகள்.

இப்போ 86. 1937 புத்தகத்தின் பழைய பிரதி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஸ்கேன் செய்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.