பிரிவு 3ஏ: நாம் கேட்க மறந்த இட ஒதுக்கீடு

தனியார் துறையில் இட ஒதுக்கீடு வேண்டும் என்று பல ஆண்டுகளாக முழக்கமிட்டு வருகிறோம். அது நியாயமான கோரிக்கை, இன்னும் நிறைவேறவில்லை. ஆனால் தனியார் ஆலைகளையும் கட்டுப்படுத்துகிற ஓர் இட ஒதுக்கீடு ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளாக இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் 3ஏ என்ற பிரிவு அது.

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் பக்கமும் உத்தனப்பள்ளி பக்கமும் கம்பெனி பஸ் ஏறிப் போகிற நம் பிள்ளைகளில் பலருடைய கழுத்து அட்டையில் 'அப்ரண்டிஸ்' அல்லது 'டிரெய்னி' என்றுதான் எழுதியிருக்கிறது. அந்தச் சொல்லின் வரலாறு அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நம் நாட்டில் தொழில் பழகுவது நெடுங்காலம் பிறப்போடு கட்டிப் போடப்பட்டிருந்தது. தச்சன் மகனுக்கு உளி, தட்டான் மகனுக்கு ஊதுகுழல், நம் பிள்ளைக்குப் பண்ணை வேலையும் செத்த மாடும் பறையும். பட்டறைக்குள் நுழைய அனுமதி இல்லாதவனிடம் 'உனக்குத் திறமை இல்லை' என்று சொல்வதுதான் சாதியின் தந்திரம். சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கியது இதைத்தான்.

தொழில் பழகுவதை எழுத்து ஒப்பந்தமாக்கிய முதல் அகில இந்தியச் சட்டம் 1850இல் வந்தது. அநாதைப் பிள்ளைகளும் தர்மத்தில் வளரும் ஏழைப் பிள்ளைகளும் ஒரு கைத்தொழில் கற்றுப் பிழைக்கட்டும் என்பது அதன் நோக்கம். 10 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளையை ஏழு ஆண்டுகள் வரை ஓர் எஜமானரிடம் ஒப்பந்தத்தில் கட்டலாம். அது கருணையின் சட்டம், உரிமையின் சட்டம் அல்ல.

பின்னர் நவீன ஆலைகள் வந்தன. இயந்திரத்துக்குச் சாதி தெரியாது என்று நம்பினார்கள். பம்பாய்ப் பஞ்சாலைகளில் நடந்தது வேறு. கூலி அதிகம் கிடைத்த நெசவுப் பிரிவில் தலித்துகளுக்கு இடமில்லை. நாடாவில் நூலைக் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும். ஒரு 'தீண்டத்தகாதவர்' வாய் வைத்த நாடாவில் தாங்கள் வாய் வைக்க மாட்டோம் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். 1928 பம்பாய் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்தப் பிரச்சினையை எழுப்பினார். கதவை அடைப்பது முதலாளி மட்டுமல்ல, பக்கத்து நாற்காலித் தொழிலாளியும்தான் என்பதை அன்றே வெளிப்படையாகப் பேசியவர் அவர்.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் பொறுப்பில் இருந்தது. போர்க்காலத் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டங்களும், 1945இல் தொடங்கிய வேலைவாய்ப்பு அலுவலகங்களும் அந்தத் துறையின் கீழ் வந்தவை. பழகுவதற்கு அரசு இடம் தர வேண்டும், வேலைக்குப் பதிவேடு வழியாக ஆளெடுக்க வேண்டும் என்ற இந்த இரண்டு ஏற்பாடுகளும் சொந்தக்காரச் சிபாரிசு இல்லாத நம் மக்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

1950இல் ஐ.டி.ஐ. பயிற்சித் திட்டம் வந்தது. 1961இல் தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. 1973ஆம் ஆண்டின் திருத்தம்தான் அதில் 3ஏ பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பயிற்சி இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், மாநில மக்கள்தொகையைக் கணக்கில் கொண்டு, இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது அது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் சுமார் 20 சதவீதம். ஐந்து பேரில் ஒருவர்.

ஆனால் விதிகளில் ஒரு ஓட்டை உண்டு. உரிய ஆட்கள் 'கிடைக்காவிட்டால்' அந்த இடங்களை மற்றவர்களைக் கொண்டு நிரப்பலாம். கிடைக்கவில்லை என்று யார் சொல்வது? இடம் இருக்கும் செய்தி சேரிக்கு வந்து சேர்ந்ததா என்று யார் பார்ப்பது?

ஓசூரின் தொழில் வரலாறும் இதே காலத்தில்தான் தொடங்குகிறது. சிப்காட் 1971இல் உருவானது. 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபெட்டும் ஓசூரில் உற்பத்தியைத் தொடங்கின. அந்தப் பத்தாண்டிலேயே டைட்டன் வந்தது. பள்ளி முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்து, பயிற்சி கொடுத்து, கைக்கடிகாரம் செய்ய வைத்தது. கைக்கடிகாரம் செய்வதற்கென்று இந்த மண்ணில் எந்தப் பரம்பரைச் சாதியும் கிடையாது. யாரும் கற்கலாம், கற்றுக்கொடுத்தால் போதும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இனி மறுபக்கம். அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு, அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல என்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் பழகுநரையும் சேர்த்திருந்தது. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்போ இந்தச் சட்டத்தின்கீழ் வரும் பழகுநரை வெளியே தள்ளிவிட்டது. தமிழ்நாட்டில் 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க 1981இல் ஒரு சட்டம் வந்தது. அதிலிருந்து தப்பவும் 'பயிற்சி' என்ற பெயர் வசதியாக இருக்கிறது.

இதன் கொடூரமான வடிவத்தைக் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளின் 'சுமங்கலித் திட்டத்தில்' பார்த்தோம். மூன்று ஆண்டு 'பயிற்சி', முடிவில் திருமணத்துக்கு மொத்தத் தொகை என்று சொல்லி இளம்பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கினார்கள். அவர்களில் பெரும்பங்கினர் தலித் குடும்பத்துப் பெண்கள். மூன்று மாதத்தில் கற்கக்கூடிய வேலைக்கு மூன்று ஆண்டு பயிற்சி எதற்கு? இது பழகுவது அல்ல, பழைய பண்ணையாள் முறைக்குப் புதுப்பெயர்.

ஆகவே அப்ரண்டிஸ் முறையே வேண்டாம் என்பதா? இல்லை, தோழர்களே. சட்டம் சொன்னபடி நடத்து என்பதே நம் குரலாக இருக்க வேண்டும். இன்றைய விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். உதவித்தொகையைப் பீஸ் ரேட்டில் தரக் கூடாது. பயிற்சி அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது. வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. படிப்பு முடிந்ததும் வேலை தரும் கட்டாயம் இல்லை என்றாலும், மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் நேரடியாக வருபவரைவிடப் பயிற்சி பெற்றவருக்கே முன்னுரிமை என்று உச்ச நீதிமன்றம் 1995இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் கூறியிருக்கிறது.

மாணவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. உங்களுக்குத் தந்த ஒப்பந்தம் பதிவானதா, அதில் எந்தத் தொழில்பிரிவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சிப்காட் ஆலைகளில் எத்தனை பயிற்சி இடங்கள், 3ஏ-யின்படி எத்தனை ஒதுக்கப்பட்டன, 'ஆள் கிடைக்கவில்லை' என்று எத்தனை மாற்றப்பட்டன என்று அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கிடைக்கும் பதிலை ஊர்க்கூட்டத்தில் வாசியுங்கள்.

1928இல் நாடாவில் வாய் வைக்க விடாமல் தடுத்தார்கள். இன்று இயந்திரம் பக்கம் விடுகிறார்கள், தொழிலாளி என்ற பெயரைத் தர மறுக்கிறார்கள். அன்று தறிக்காக அண்ணல் பேசினார். இன்று அந்தப் பெயருக்காக நாம் பேச வேண்டும்.