புத்தளக் கரையும் பிற சமயத்தாரை ஓம்பும் அறமும்

பிற சமயத்தாரை ஒரு சமுதாயம் எவ்வாறு நடத்துகின்றது என்பதை, அது ஓதும் நூல்களைக் காட்டிலும் அதன் வாயிலில் வந்து நிற்போரே நன்கறிவர். இதற்குப் புத்தளக் கரை இருவேறு காலங்களிற் சான்று பகர்கின்றது.

கி. பி. 1344 இல், மாலைதீவிலிருந்து புறப்பட்ட மொறோக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதாவின் கப்பலைக் காற்று இக்கரைக்குத் தள்ளிற்று. அவர் குறிப்பிடும் 'பத்தாலா' புத்தளமே என்பர் அறிஞர். அக்கரையை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்தி கப்பற் கொள்ளைக்குப் பேர்போனவன் என மாலுமிகள் அஞ்சினர். ஆயினும், பாரசீக மொழி அறிந்திருந்த அவ்விந்து மன்னன், வந்த இஸ்லாமியரை வரவேற்று, வேண்டுவது யாதென வினவினான். ஆதம் நபியின் பாதச்சுவடுள்ள மலையைக் காண்பதொன்றே தம் விருப்பம் என்றார் அவர். அம்மலை சைவர்க்குச் சிவனொளிபாதம், பௌத்தர்க்கு ஸ்ரீபாதம். அது எவருடைய பாதம் என்னும் வாதம் அங்கு எழுந்ததாக அவர் எழுதவில்லை. அரசன் பல்லக்கு நல்கி, 4 யோகியர், 3 பிராமணர், வேறு 10 பேர், உணவு சுமப்போர் 15 பேர் ஆகியோரை வழித்துணையாக அனுப்பினான் என்றே எழுதுகின்றார்.

இவ்வறம் மரபாகத் தானே தொடர்ந்து வருவதொன்றன்று. ஆரியச்சக்கரவர்த்திகள் ஆண்ட அதே யாழ்ப்பாணத்தில், 1990 ஒக்ரோபர் 30 ஆம் நாள், முஸ்லிம்கள் 2 மணி நேரத்துள் வெளியேறுமாறு தமிழீழ விடுதலைப் புலிகளாற் பணிக்கப்பட்டனர். அம்மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் வீடும் உடைமையும் இழந்து அகன்றனர். மன்னார்ப் பகுதியினர் பலர் படகேறிக் கற்பிட்டியை அடைந்தனர். புத்தளத்து மக்கள் உணவளித்தனர். பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். தென்னந்தோட்டங்களிற் கொட்டில்கள் எழுந்தன. ஆண்டுகள் செல்லச்செல்ல நிலம், நீர், தொழில் பற்றிய பிணக்குகளும் தோன்றின. ஆயினும், அகதிகளுட் பலர்க்கு அம்மண்ணே நிலையான வாழிடமாயிற்று.

அவ்வெளியேற்றம் சமயத்தின் பேரால் நிகழ்த்தப்பட்டதன்று என்று கூறுவாருளர். அவ்வாறாயினும், எவர் செல்லல் வேண்டும், எவர் இருக்கலாம் என்பதை வகுத்தது சமயமே. சிலர்மீது கொண்ட ஐயத்திற்காகக் குழந்தைகளும் முதியோரும் உட்பட ஒரு சமூகம் முழுவதும் தண்டிக்கப்பட்டது. எக்காரணம் கூறினும் அது அறமாகாது.

1344 இல் வழித்துணை பெற்றவர் மொழியறியா அயல்நாட்டார். 1990 இல் துரத்தப்பட்டோர் தலைமுறை தலைமுறையாக அடுத்த தெருவில் வாழ்ந்த தமிழ் பேசும் மக்கள். முன்னையதைப் பெருமையாகச் சொல்லிப் பின்னையதை மறைப்பது வரலாறாகாது. இரண்டையும் தம்முடையனவாக ஏற்றுக் கற்போரே, நாளை வாயிலில் வந்து நிற்பவர்க்குச் செய்யத்தக்கது யாதென அறிவர்.