ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் கழற்றும் கூரை ஒழுகுதா? மாற்ற வேண்டிய சின்ன பாகங்கள் இவைதான்!

மழை பெய்தால் காருக்குள் சொட்டு சொட்டாகத் தண்ணீர். கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் துரு. பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களின் வழக்கமான புலம்பல் இது. பெரும்பாலும் காரணம் கூரை இல்லை, கூரையைப் பிடித்திருக்கும் சின்ன பாகங்கள்தான்.

கூரை ஏன் தனியாக வருகிறது?

இங்கிலாந்தில் 1959-ல் அறிமுகமான டிரையம்ப் ஹெரால்டுதான் இதன் மூலம். வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிகெலோட்டி. சேசிஸ் தனி, அதன்மேல் பாடி பகுதி பகுதியாக போல்ட் போட்டுப் பூட்டப்படும். உதிரியாகக் கப்பலில் ஏற்றி வெளிநாட்டில் பூட்டவும் இது வசதி. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் இதைத் தயாரித்தது. இரண்டு கதவு மாடலின் கூரை, பின் கண்ணாடியோடு சேர்த்து தனியாகக் கழன்று வரும்.

எது முதலில் தேயும்?

* ரப்பர் பீடிங்: முன் கண்ணாடிச் சட்டத்துக்கும் கூரைக்கும் நடுவிலும், கூரை பின் பாடியில் உட்காரும் இடத்திலும் இருக்கும். சாத்தான்குளம் மாதிரி வெயிலும் தேரி மணலும் சேர்ந்த ஊர்களில் ரப்பர் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். ஆடிக் காற்றில் புகும் மணல் அதை இன்னும் அரிக்கும்.
* போல்ட், வாஷர்: துருப்பிடித்து இறுகிவிடும், அல்லது லூசாகி கூரை கடகடவென ஆடும்.

மாற்றுவது எப்படி?

1. துருவேறிய போல்ட்டில் முதல் நாளே துரு நீக்கும் ஆயில் விட்டு ஊறவிடுங்கள். வம்பாகத் திருகினால் தலை முறிந்துவிடும்.
2. எந்த போல்ட் எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று போட்டோ எடுத்து வையுங்கள்.
3. கூரையைத் தனியாளாகத் தூக்க வேண்டாம். கண்ணாடியும் சேர்ந்திருப்பதால் இரண்டு பேராவது வேண்டும்.
4. பழைய ரப்பர், பசையைச் சுத்தமாகச் சுரண்டி, துருவை நீக்கி பிரைமர் அடியுங்கள்.
5. புது பீடிங்கை இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்தால் நாளடைவில் சுருங்கி மூலையில் இடைவெளி விழும்.
6. எல்லா போல்ட்டையும் முதலில் லூசாக மாட்டுங்கள். கதவுக் கண்ணாடி சரியாக மூடுகிறதா என்று பார்த்த பிறகு, மாறி மாறி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கடையில் கவனிக்க வேண்டியது

இந்த காரின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. இப்போது எங்கும் கிடைக்கும் மெட்ரிக் போல்ட்டை வைத்து அழுத்தினால் மரை போய்விடும். அதனால் பழைய போல்ட்டையும், ஒரு துண்டு பீடிங்கையும் சாம்பிளுக்குக் கொண்டு போங்கள். வினிகர் வாசம் அடிக்கும் சிலிகான் பசை இரும்பை அரிக்கும், அதைத் தவிர்ப்பது நல்லது.

வேலை முடிந்ததும் ஹோஸ் பைப்பில் கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடியுங்கள். உள்ளே ஒருவர் உட்கார்ந்து கவனித்தால் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும்.

விட்டால் என்ன ஆகும்?

கசியும் தண்ணீர் தரைத் தகட்டைத் தின்று, அதைத் தாங்கும் சேசிஸ் பகுதிக்கும் போகும். காரின் பலமே சேசிஸ்தான் என்பதால் இது பாதுகாப்பு விஷயம். சில நூறு ரூபாய் ரப்பரில் முடியும் வேலை, வெல்டிங் வரை இழுத்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டுகளைத் தாண்டிய கார், பைக்குகளை ‘வின்டேஜ்’ வாகனமாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும். நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் இருக்கும். ஆனால் சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ரப்பர், போல்ட் மாற்றுவது வெறும் பராமரிப்புதான். ‘ஓபன் கார்’ ஆசையில் பாடியை வெட்டினால் அந்தத் தகுதியே கேள்விக்குறியாகலாம். வெட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.