இதயத்துல ஓட்டை, தலையில வலி

இருபது வருஷமா எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. முதலில் கண்ணுக்கு முன்னால் மின்னுகிற கோடுகள், அரை மணியில் வலி. "அது இதயத்துல இருக்கற ஓட்டையால வர்றது, அடைச்சா போயிடும்" என்று ஒரு உறவினர் அடித்துச் சொல்ல, தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் மனசில் நின்றது ஒரு டாக்டரின் கதை.

முதலில் ஓட்டை. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு நுரையீரலில் வேலை கிடையாது. அதனால் தொப்புள்கொடி வழியாக வரும் ரத்தத்தில் பெரும்பகுதி வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்குக் குறுக்கு வழியில் போய்விடும். பிறந்து மூச்சு விட்டதும் அந்தக் கதவு மூடிக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய நாலு பேரில் ஒருத்தருக்கு முழுசாக மூடாது. பெரும்பாலானவர்களுக்கு அது கடைசிவரை தெரியவே தெரியாது. (நீங்களும் நானும் கூட அந்தக் கணக்கில் இருக்கலாம்!)

பீட்டர் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் இங்கிலாந்து இதய மருத்துவர். ஆழ்கடலில் மூழ்கி மேலே வருகிறவர்கள் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாகும். நுரையீரல் அவற்றை வடிகட்டிவிடும்; கதவு திறந்திருந்தால் குமிழி மூளைக்கே போகலாம். இதை ஆராய்ந்தவர் அவர். இந்தத் தொல்லைக்காகவும் பக்கவாதத்துக்காகவும் கதவை அடைத்துக்கொண்டவர்களைப் பற்றி 2000-ல் லான்செட் இதழில் எழுதினார். 37 பேரில் 21 பேர் ஏற்கெனவே ஒற்றைத் தலைவலிக்காரர்கள். அடைத்தபின் 10 பேருக்கு வலி அடியோடு நின்றது, 8 பேருக்குக் குறைந்தது. நுரையீரலில் தங்கவேண்டிய ஏதோ ஒன்று மூளைக்கு நழுவுகிறது என்பது யூகம்.

ஆனால் தலைவலி விசித்திரமானது, மாத்திரை என்று சர்க்கரையைக் கொடுத்தாலும் சில பேருக்குக் குறையும். ஆகவே ஒழுங்கான சோதனை வேண்டும். பாஸ்டனின் என்எம்டி மெடிக்கல் கம்பெனி பணம் போட, இங்கிலாந்தில் 'மிஸ்ட்' சோதனை நடந்தது. 147 பேர். 74 பேருக்கு அடைப்பான், 73 பேருக்கு மயக்க மருந்தும் தொடை இடுக்கில் கீறலும் மட்டும். யாருக்கு எது என்று நோயாளிக்கே தெரியாது. தலைவலி முழுசாக நின்றது இந்தப் பக்கம் 3 பேர், அந்தப் பக்கமும் 3 பேர்!

சோதனையை முன்னின்று நடத்தியவர்களில் வில்ம்ஸ்ஹர்ஸ்டும் ஒருவர். பல ஓட்டைகள் சரியாக அடைபடவில்லை, எல்லாத் தகவலையும் எனக்குக் காட்டவில்லை என்றார். கட்டுரையில் கையெழுத்துப் போட மறுத்தார். அவர் பெயர் இல்லாமலே 2008-ல் அது வெளிவந்தது.

தோத்த ஆள் சாக்கு சொல்றார்னு முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் சாக்கு சொல்ல இவ்வளவு விலை யார் கொடுப்பாங்க? 2007-ல் அமெரிக்காவில் ஒரு மாநாட்டில் அவர் நிருபரிடம் சொன்னதற்காக, அந்த அமெரிக்கக் கம்பெனி லண்டனில் அவதூறு வழக்குப் போட்டது. தோற்றால் வீடே போயிருக்கும். மன்னிப்பு கேட்காமல் நின்றார். 2011-ல் கம்பெனி மூடப்பட்டது, வழக்கும் அதோடு முடிந்தது. இங்கிலாந்தின் 2013 அவதூறுச் சட்டம் வரக் காரணமான வழக்குகளில் இதுவும் ஒன்று.

ஓட்டை விஷயம்? 2016-லும் 2017-லும் வெளிவந்த வேறு இரண்டு சோதனைகளும் முக்கிய இலக்கைத் தொடவில்லை. இரண்டாவதில் மட்டும், அடைத்தவர்களில் 8.5 சதவீதம் பேருக்குத் தலைவலி முழுசாக நின்றது, அடைக்காதவர்களில் 1 சதவீதம். உறவினரிடம் இதைச் சொன்னேன். "அந்த எட்டரையில நீ இருந்தா?" என்கிறார்.