தாது வருஷப் பஞ்சமும் நாசரேத் பிள்ளைகளும்

1/ திருநெல்வேலி - திருச்செந்தூர் ரயிலில் போயிருக்கீங்களா? ஆழ்வார்திருநகரிக்கு அடுத்த ஸ்டேஷன் நாசரேத். இந்தப் பக்கம் தாமிரபரணிப் பாசனம், நெல், வாழை. கொஞ்சம் தள்ளிப் போனா செம்மண் தேரி, பனங்காடு. வீடில்லாத இளைஞர்களைப் பற்றி நாம இன்னிக்குப் பேசுறதுக்கு இந்த ஒரு ஸ்டேஷன் தூரத்திலேயே ஒரு பாடம் இருக்கு.

2/ 1876-78. 'தாது வருஷப் பஞ்சம்' என்று நம்ம முன்னோர் சொன்னது இதைத்தான். ஆறு பாய்ந்த ஊர்கள் ஓரளவு தாங்கின. வானம் பார்த்த பூமி தாங்கலை. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று அன்றைய பஞ்சக் கமிஷனே கணக்குச் சொன்னது.

3/ நிவாரண வேலைக்கு வந்தவருக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே கொஞ்சம் காசு போதும் என்றார் ரிச்சர்ட் டெம்பிள். உழைக்கிற உடம்புக்கு அது காணாது என்று சண்டை போட்டவர் ஒரு டாக்டர்: மதராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ். 1877-லேயே கூலி கூட்டப்பட்டது. ஆனா பசியில் வற்றிய உடம்புகளை காலராவும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் அதுக்குள்ள கொண்டுபோயிருந்தது. பெத்தவங்க போனாங்க. பிள்ளைங்க தெருவில் நின்னாங்க.

4/ அப்போ நாசரேத்தில் இருந்தவர் மிஷனரி மர்காஷிஸ். வைத்தியமும் பார்த்தவர். அனாதையான பிள்ளைகளைச் சேர்த்துக்கிட்டார். அதோட நிக்கலை. 1878-ல் அங்கே தொழிற்பள்ளி தொடங்கினார். தச்சு, கொல்லு வேலை, நெசவு.

5/ மிஷனுக்கு மத நோக்கமும் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனா அந்த யோசனையைக் கவனிங்க. பஞ்சம் ரெண்டு வருஷத்தில் முடியும். 10 வயசுப் பிள்ளைக்குத் திரும்பிப் போக வீடோ நிலமோ சொந்தமோ கிடையாது. கஞ்சித்தொட்டி இன்றைய உயிரைக் காப்பாத்தும். நாளைக்குக் கூரை வேணும்னா கையில் தொழில் வேணும்.

6/ இன்னொரு டாக்டர், முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த பெண்பிள்ளைகளுக்கு ஹாஸ்டல்கள் இடம் தரலை. தன் வீட்டிலேயே தங்க வெச்சார். 1930-ல் அதுவே அவ்வை இல்லம் ஆச்சு. அங்கேயும் அடைக்கலத்தோடு படிப்பும் சேர்ந்தே வந்தது.

7/ இப்போ நம்ம காலம். இல்லத்தில் வளர்ற பிள்ளைக்கு 18 முடிஞ்சா வெளியே வரணும். நம்ம வீட்டுப் பிள்ளையை அந்த வயசில் தனியா அனுப்புவோமா? மூளையில் நிதானமும் முன்யோசனையும் முதிர்றதே இருபதுகளின் நடுவில்தான். தெருவில் படுக்கிறவன் அசந்து தூங்க முடியாது. தூக்கம் போனா நிதானம் போகும், நிதானம் போனா வேலை போகும், பிறகு போதை அந்த இடத்துக்கு வரும்.

8/ சட்டம் இதை உணர்ந்திருக்கு. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 46 படி இல்லத்தை விட்டு வெளியே வர்றவங்களுக்குப் பண உதவி உண்டு. பின்பராமரிப்பு 21 வயசு வரை, தேவைப்பட்டால் 23 வரை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கணும். பல பிள்ளைகளுக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. நீங்க சொல்லுங்க.

9/ வேற என்ன செய்யலாம்?
• பஸ் ஸ்டாண்டில், ரயில்வே ஸ்டேஷனில் 18 வயசுக்குக் கீழே தனியா நிக்கிற பிள்ளையைப் பார்த்தால் 1098. இலவசம், 24 மணி நேரமும்.
• வொர்க்‌ஷாப், கடை வெச்சிருந்தால் ஒருத்தரை வேலைக்கு எடுத்துப் பழக்குங்க. சம்பளத்தோட.
• வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் "அப்பா அம்மா எங்கே?" என்று கேட்டுக் கதவைச் சாத்தாதீங்க.
• ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் கணக்குக்கு ஒரு தடவை கூடப் போங்க. முகவரி இல்லாதவனுக்கு அதுதான் பெரிய மலை.

10/ நாசரேத் தொழிற்பள்ளி இன்னும் இருக்கு. பஞ்சம் போய் 140 வருஷத்துக்கும் மேல ஆச்சு. அடுத்த தடவை அந்த ரயிலில் போகும்போது பக்கத்து சீட்டில் இருக்கிறவங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்க. 1098-ஐயும் சேர்த்துச் சொல்லுங்க.