பீரோவில் கிடக்கும் நோட்டு

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபின் தில்லை நகரின் குறுக்குத் தெரு ஒன்றுக்கு மூன்று மாதம் பிசியோதெரபிக்குப் போய்வந்தோம். மடங்கிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பழக்கிய இளம்பெண்ணை அங்கே எல்லோரும் ‘எக்சர்சைஸ் பொண்ணு’ என்றார்கள். அவள் மூட்டு மடங்கும் கோணத்தை அளந்து நாள்தோறும் நோட்டில் குறித்துவந்தாள். “இதை வச்சு ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதலாமேம்மா” என்றேன். “யார் கேக்கப்போறாங்க மேடம், பீரோவுல கிடக்கும்” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1894இல் லண்டனில் நான்கு பெண்கள், பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிரிட்டனின் இன்றைய பிசியோதெரபிச் சங்கத்துக்கு அதுவே வேர். மசாஜ் என்ற பெயரில் பாலியல் தொழில் நடக்கிறது என்ற பேச்சு அப்போது பரவியிருந்தது. தொழிலின் மானம் காக்க அவர்கள் விதி வகுத்தார்கள்: மருத்துவர் சொல்லாமல் சிகிச்சை செய்யக் கூடாது. கௌரவம் கிடைத்தது, சுயமாக முடிவெடுக்கும் உரிமை போயிற்று. தொடுவது பெண்ணின் கை, அறிவது மருத்துவரின் தலை என்ற பாகப்பிரிவினை அப்படித்தான் எழுத்தில் ஏறியது.

கையையும் தலையையும் ஒன்றாக்கியவர் நம் வேலூரில் இருந்தார். பெண்களுக்கென்றே 1918இல் தொடங்கப்பட்ட பள்ளியிலிருந்து வளர்ந்த மருத்துவக் கல்லூரியில் படித்த மேரி வர்கீஸ். 1954இல் வாகன விபத்தில் தண்டுவடம் சிதைந்து கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ வந்தது.

இவரைத் தியாகச் சுடர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தியாகம் என்றதும் அறிவு மறைந்துபோகிறது. உணர்விழந்த தோல் வலியைச் சொல்லாது. இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்து உயிரையே வாங்கிவிடும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறத் தோள்தான் காலாக வேண்டும். இவற்றை அவர் நோயாளியாகவும் கற்றார், மருத்துவராகவும் கற்றார். ஆனால் அவருக்கு மருத்துவப் பட்டம் இருந்தது. கையால் மட்டுமே அறிந்த பெண்களின் பெயர்கள் வரலாற்றில் ஏறவில்லை.

ஏற முடியாததல்ல. சிட்னியில் பிசியோதெரபி கற்பித்த ஜேனட் கார், ராபர்ட்டா ஷெப்பர்ட் இருவரும் 1982இல் பக்கவாதத்துக்குப் பின் அசைவுகளை மீண்டும் கற்பிக்கும் முறையை நூலாக்கினார்கள். எழுவது, நடப்பது, பொருளை எட்டி எடுப்பது என்று அன்றாட வேலைகளையே பயிற்சியாக்கினார்கள். அவர்களும் ‘எக்சர்சைஸ்’ சொல்லிக்கொடுத்தவர்கள்தான். கூடவே எழுதினார்கள்.

ஒருநாள் காலை அம்மாவின் விரல்கள் காபி டம்ளரைப் பற்றின. எத்தனை நாளில், எந்தப் பயிற்சியால் அது நடந்தது என்று சொல்லக்கூடியது அந்த நோட்டு ஒன்றுதான். அது இன்னும் பீரோவில் கிடக்கிறது.